எங்கேயிருந்து விழுந்தது என்று நான் கேட்கவே இல்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். தலையில் அடிபட்டு வரும் பிள்ளைகளுக்கென்று வார்டின் ஒரு கோடியில் ஆறு கட்டில்கள் உண்டு. சித்திரை பிறந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், அந்த ஆறும் நிரம்பிவிடும்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலையில் சுத்தம் அதிகம். வாய் அதைவிட அதிகம். பிள்ளையைக் காயத்தோடு கொண்டுவரும் தாய்மாருக்கு என்னிடமிருந்து மருந்துக்கு முன்னால் திட்டுதான் கிடைக்கும். திட்டினால்தான் அடுத்த முறை கவனமாக இருப்பார்கள் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையின் பெயர், வயசு கேட்டதும் எங்கள் வார்டில் மூன்றாவதாகக் கேட்பது, "எந்த ஏரியா?" காளவாசலைத் தாண்டி மேற்கே துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று கட்டிக் கொடுத்த ஒரு காலனி இருந்தது. அந்தக் காலனியின் பெயரைச் சொன்னால் எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு "அப்ப சரி" என்போம். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஏனென்றால் மண்டை உடைந்து வருகிற பிள்ளைகளில் அந்த ஒரு காலனிப் பிள்ளைகள்தான் அதிகம். ஊரில் எத்தனையோ தெரு இருக்க, அங்கிருந்து மட்டும் ஏன் இத்தனை பேர்? அதற்கு எங்களிடம் தயாராகப் பதில் இருந்தது. "குடிச்சுட்டுப் புள்ளையைப் போட்டு அடிக்கிறது." "பெத்துத் தெருவுல விட்டுர்றது." "அது அவுங்க ரத்தத்துலயே இருக்கு." நாங்கள் யாரும் சாதியைச் சொல்லிப் பேசியதில்லை, ஏரியாவைத்தான் சொல்வோம். இரண்டும் ஒன்றுதான் என்று எங்களுக்கும் தெரியும்.

ரிஜிஸ்தரில் கடைசிக் கட்டம் 'காரணம்'. ரோட்டில் அடிபட்டால் லாரியா, சைக்கிளா, ஜட்கா வண்டியா என்று விசாரித்து எழுதுவேன். காலனிப் பிள்ளை என்றால் விசாரிப்பதே இல்லை. 'தவறி விழுந்தது' என்று எழுதிப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதையேதான் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஒரு பெண் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். தெரு கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள், கால் முழுக்கத் தூசி. தோளில் ஐந்து வயசுப் பெண் பிள்ளை, தலை துவண்டு கிடந்தது. பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறது. கூப்பிட்டால் முனகல் மட்டும்தான். காதுக்கு மேலே கொழுக்கட்டை அளவு வீக்கம்.

டாக்டர் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, கட்டிலில் போட்டாயிற்று. அப்போது எங்களிடம் ஸ்கேன் எல்லாம் கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் கண்பாவையில் டார்ச் அடித்துப் பார்ப்பது, நாடி எண்ணுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இதுதான் வைத்தியம். எல்லாம் முடித்துவிட்டு ரிஜிஸ்தரை எடுத்தேன். அந்தப் பெண் காலனியின் பெயரைச் சொன்னாள். என் வாய் திறந்துகொண்டது.

"ஏம்மா, பெத்துப் போட்டா மட்டும் போதுமா? பாத்துக்கிட வேணாமா? உங்க ஏரியாவுல இருந்துதான் வாரத்துக்கு ஒண்ணு வருது. புள்ளையா, கோழிக்குஞ்சா?"

அவள் அழவில்லை. ரிஜிஸ்தரில் ஓடிக்கொண்டிருந்த என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தவறி விழுந்தது' என்று நான் எழுதி முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கேயிருந்து விழுந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே நர்சம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கேயிருந்து விழுந்தா என்ன? சரி, எங்கேயிருந்து?"

"மொட்டை மாடியில இருந்து."

"மாடியில இம்புட்டுச் சின்னப் புள்ளைக்கு என்ன வேலை?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். வார்டே கேட்கும்படி நறுக்கென்று கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை பிள்ளை கண் திறந்தாள். தாயைப் பார்த்துவிட்டு, "காக்கா எல்லாத்தையும் தின்னுருச்சாம்மா?" என்று கேட்டாள். உளறுகிறாள் என்று சார்ட்டில் எழுதினேன். இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை, தூக்கச் சொன்னால் பாதியில் விழுந்துவிட்டது. இருந்தாலும் பிழைத்துவிட்டாள் என்றார் டாக்டர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப். என் கணவர் அரசாங்க குமாஸ்தா. தல்லாகுளம் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம், நாங்கள் மேல் வீடு. வெயில் காலம் வந்தால் எல்லா வீட்டையும் போல நானும் கூழ்வத்தல் போடுவேன். அன்றும் விடியலிலேயே கூழ் காய்ச்சி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து ஊற்றிவிட்டு வந்தேன். காக்கா விரட்டுவதற்கு என் மகளிடம் ஒரு குச்சியைக் கொடுத்து மேலே அனுப்பினேன். அவளுக்கு ஆறு வயசு.

பத்து மணிவாக்கில் வத்தலைத் திருப்பிப் போடலாம் என்று படியேறினேன். நான் தலை நீட்டிய நேரம் ஒரு காக்கா வத்தலைக் கொத்திக்கொண்டு கிளம்பியது. என் மகள் குச்சியை ஓங்கிக்கொண்டு, கண்ணை ஆகாசத்தில் வைத்து, அதன் பின்னாலேயே ஓடினாள். நான் கூப்பிடுவதற்குள் மாடியின் ஓரத்துக்குப் போய்விட்டாள். தொம்மென்று கைப்பிடிச் சுவரில் மோதி நின்றாள். அவள் கழுத்தளவுச் சுவர். காக்கா சுவரைத் தாண்டிப் பறந்துவிட்டது. இவள் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"அம்மா, காக்கா தப்பிச்சிருச்சு."

நான் வத்தல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் அந்தப் பிள்ளை கண் திறந்ததும் கேட்டது உளறல் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மாடியில் சின்னப் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேனே, என் பிள்ளைக்கும் அதே வேலையைத்தான் நான் கொடுத்திருக்கிறேன். என் மகள் கீழே விழாமல் இருந்தது என் வளர்ப்பினால் இல்லை. எவனோ ஒரு கொத்தனார் அந்த இடத்தில் சுவர் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை டியூட்டிக்குப் போனதும் நேராக அந்தப் பெண்ணிடம் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, வாய் வரவில்லை. "வத்தல் காவலுக்கா அனுப்பின?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா நர்சம்மா. ரெண்டாவது ஷிப்டுக்குப் போகணும். வாரவரைக்கும் பாத்துக்கடின்னு நாந்தான் சொல்லிட்டுப் போனேன்." அப்போதுதான் அவள் அழுதாள்.

இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தது. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவள் என்னைக் காலனிக்குக் கூட்டிப்போனாள். வரிசை வரிசையாக வீடுகள். ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே கான்கிரீட். உள்ளே ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை, அப்படி ஒரு வெக்கை. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு மாடிக்குப் போனது. ஏறிப் பார்த்தேன். எந்த வீட்டு மாடியிலும் கைப்பிடிச் சுவர் இல்லை. தளம் அப்படியே முடிந்து, அதற்கு அடுத்தது வெறும் காற்று. நான் நடு மாடியைவிட்டு நகரவில்லை.

ஓரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒவ்வொரு மாடியிலும் விளிம்பை ஒட்டி ஏதாவது வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் செங்கல் வரிசை, ஒரு வீட்டில் உடைந்த பானைகள். பல வீடுகளில் கருவேல முள்ளை வெட்டிவந்து போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். பிள்ளையைத் தெருவில் விடுகிறவர்கள் என்று நான் சொன்ன தாய்மார் கட்டிய சுவர் அது.

"மாடிக்கு ஏறாதீகன்னு வீடு கட்டிக் குடுத்த ஆபீசுல சொல்லுறாக," என்றாள் அவள். "ஏறக் கூடாதுன்னா எதுக்குப் படி கட்டுனாக?"

"மனு எழுதிக் கொடுக்கலையா?"

"மூணு தடவை குடுத்தாச்சு. புள்ளைக மாடியில இருந்துதான் விழுகுதுன்னு ஆஸ்பத்திரியில எழுதியிருக்கா, கொண்டாந்து காட்டுன்னாக. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பாத்தா இப்படித்தான இருக்கு."

பக்கத்து வீட்டுப் பெண் தகரப் பெட்டியைத் திறந்து மூன்று நான்கு டிஸ்சார்ஜ் சீட்டுகளை எடுத்து வந்தாள். எல்லாவற்றிலும் 'தவறி விழுந்தது'. குண்டு குண்டான அழகான எழுத்து.

"இது என் கையெழுத்து," என்றேன்.

"தெரியும் நர்சம்மா," என்றாள் என்னைக் கூட்டிவந்தவள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். சுவரைக் கட்டாமல் விட்டது யாரோ. ஆனால் சுவர் இல்லை என்கிற விஷயம் வெளியே தெரியாமல், நான் அந்த வார்டுக்கு வந்த நாலு வருஷமாக மூடி வைத்தது என் பேனா. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றை முடிவு செய்தேன். அந்த மாடிகளில் சுவர் எழும்பாமல் இதை விடுவதில்லை.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அதிகம் பேசாத மனிதர். பழைய ரிஜிஸ்தர்களைப் புரட்டி, "இதுல மாடியில இருந்து விழுந்தது எத்தனை?" என்று கேட்டார். தெரியாது, எழுதவில்லை என்றேன். "இனிமே எழுதுங்க. பழசையும் விசாரிச்சு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்," என்றார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். டியூட்டி முடிந்த மத்தியானங்களில் அந்தப் பெண்ணோடு வீடு வீடாகப் போனேன். எந்த இடத்திலிருந்து விழுந்தது, எந்த நேரம், பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, மூன்றே கேள்வி. வத்தல் காவல், பட்டம், உள்ளே வெக்கை தாங்காமல் மாடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது, தூக்கத்தில் புரண்டது. ஒரே ஒரு வீட்டில் தகப்பன் குடிகாரன். அதையும் மறைக்காமல் எழுதினேன். ஆனால் அந்தப் பிள்ளையும் விழுந்தது மாடியிலிருந்துதான்.

அதே கேள்விகளை எங்கள் குவார்ட்டர்ஸிலும் போய்க் கேட்டேன். இங்கேயும் எல்லாப் பிள்ளைகளும் மாடியில்தான் கிடந்தன. வத்தல், பட்டம், வீட்டுப்பாடம் எல்லாம் ஒன்றுதான். முழங்கால் சிராய்ப்புக்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

என் கணவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வேலை? எங்கேயாவது தண்ணியில்லாத ஊருக்கு டிரான்ஸ்பர் போட்டுருவாங்க," என்றார். "போட்டா நீங்க சமைச்சுச் சாப்பிடுங்க," என்றேன். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டாக்டர் கையெழுத்தோடு மனுவை எடுத்துக்கொண்டு நாங்கள் ஆறேழு பெண்கள் அந்த ஆபீசுக்குப் போனோம். அதிகாரி தன்மையான மனிதர்தான், உட்காரச் சொன்னார். மற்ற பெண்கள் யோசித்துக்கொண்டே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். முழுதும் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சிஸ்டர், நீங்க படிச்சவங்க. சுவர் கட்டிட்டா மட்டும் சரியாப் போயிருமா? அவுங்க புள்ளைங்களை அவுங்க பாத்துக்கிடணும்ல?"

நான் வார்டில் சொன்னது அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நம் பேச்சு எப்படி நாறுகிறது என்பதும் பிறர் வாயில் கேட்டால்தான் தெரியும் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், உங்க வீட்டு மாடியில சுவரு இருக்கா?"

அவர் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருந்தார். "இருக்கு," என்றார்.

"ஏன் சார், உங்க புள்ளைய நீங்க பாத்துக்கிட மாட்டீகளா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவளைப் போலக் கேட்டாள். அவர் மனுவை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

உடனே சுவர் வந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள், மதிப்பீடு போகிறது என்றார்கள். ஆடி போய்ப் புரட்டாசியும் வந்தது. ஒரு சாயங்காலம், அதே காலனியிலிருந்து ஏழு வயசுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். என் நோட்டில் அவன் அக்காவின் பெயர் ஏற்கெனவே இருந்தது. மறுநாள் மத்தியானம் அவன் இறந்துபோனான்.

ரிஜிஸ்தரில் காரணம் எழுதவேண்டிய கட்டம் சின்னது. 'கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து விழுந்தது' என்று எழுதினேன். எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரத்துக்குப் போயிற்று. நெருக்கி எழுதியதால் குண்டாகவும் இல்லை, அழகாகவும் இல்லை. டாக்டர் தன் அறிக்கையில் அதே வரியைச் சொல் மாற்றாமல் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தோடு காலனிப் பெண்கள் தினமும் வேலை முடிந்து நேராக அந்த ஆபீஸ் வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. விளக்குமாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்கள். மறுநாளும் வருவார்கள். முன்வரிசையில் அந்தப் பையனின் தாயும், என்னை முதலில் காலனிக்குக் கூட்டிப்போனவளும். நான் டியூட்டி இல்லாத நாளில் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். பத்தாவது நாளோ என்னவோ, அந்த அதிகாரியே வெளியே வந்து உத்தரவின் நகலை அவள் கையில் கொடுத்தார். தைக்கு முன்னால் செங்கல் வந்து இறங்கியது.

அடுத்த சித்திரையில் அவள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். மாடியில் இடுப்பளவுச் சுவர், பூச்சு இன்னும் வெளுப்பு மாறவில்லை. பழைய சேலையில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை குச்சியோடு காவலுக்கு நின்றாள். வேண்டுமென்றே குச்சியை இடது கையில் கொடுத்திருந்தாள் தாய். கை இன்னும் முழுசாக வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை குச்சி நழுவி விழுந்தது. இரண்டு தடவையும் அந்தக் கையாலேயே குனிந்து எடுத்தாள்.

"அன்னிக்கு உன்னைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து.

"அதான் எழுதிட்டீகள்ல," என்று சொல்லி ஒரு தூக்குச்சட்டி நிறைய வத்தலைக் கொடுத்தனுப்பினாள்.

அதற்கப்புறம் எங்கள் ஆறு கட்டிலில் அந்தக் காலனிப் பிள்ளைகள் அபூர்வமாகிவிட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து, புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பழைய ரிஜிஸ்தரையும் புதிய ரிஜிஸ்தரையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், இந்தக் காலனிக்காரங்க இப்ப திருந்திட்டாங்க போல. புள்ளைகளை நல்லாப் பாத்துக்கிடுறாங்க," என்றாள்.

அவளை நான் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, கட்டத்தைத் தாண்டி ஓரத்துக்கு ஓடிய அந்த ஒரு வரியை விரல் வைத்துக் காட்டினேன். அவர்கள் அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்றேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆன பிறகும், ஒரு சனத்தைப் பற்றி யாராவது "அவுங்க அப்படித்தான்" என்று சொல்லக் கேட்டால், பிள்ளையின் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் கண்ணுக்குள் வருகிறாள்; வாயைத் திறக்கும் முன்னால், எங்கேயிருந்து விழுந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.